ஜலக் குளிர்ப்பியைப் பரீட்சித்தல்

பம்பும் ரேடியேட்டரும் ஒருங்கிணைந்து வரும் ஜலக் குளிர்ப்பியொன்றை நம் கணினியின் பிராசஸரில் பொருத்திப் பரீட்சித்தோம். முதல் ஐந்து நிமிஷத்தில் திரையிற் கண்ட உஷ்ணநிலை மிகக் குறைவு. வாங்கலாமென நண்பர்க்குக் கடிதமும் எழுதிவிட்டோம், அவசரமே!

ஒரு கிராம் ஜலம் ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 4.2 ஜூல் வேண்டும். காற்றுக்கோ ஒரு ஜூலே போதும். ஆதலின் ஜலம் உஷ்ணத்தை முதலில் விழுங்கி மெல்லவே சூடேறும். அரைமணி நேரம் முழுவேலை கொடுத்த பின்னரே எண் நிலைத்தது. அதினின்றும் அறையின் உஷ்ணநிலையைக் கழித்தே பிற குளிர்ப்பிகளோடு ஒப்பிடல் வேண்டும்; ரேடியேட்டர் உஷ்ணத்தை விடுவது அறைக்காற்றிலன்றோ?

பம்பு குழாய்ச்சுற்றின் உச்சியில் அமையின் காற்று அங்கே தங்கி இரைச்சலெழும், பம்பும் கெடும். நாம் செய்திருந்த பிழையும் அதுவே. ரேடியேட்டரைப் பெட்டியின் மேற்புறத்திற்கு மாற்றினோம், இரைச்சல் அடங்கிற்று. அனுப்பாதிருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டு, மறுபடியும் அளக்கத் தொடங்கினோம்.