ஐந்து தடவை ‘ஏன்?’

கடை என்று இருந்தால் குறை இல்லாமல் இராது. இருப்பு குறையும், சரக்கு கெடும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அந்த நேரத்தில் நம்மில் பலர் முதலில் கேட்பது ‘யார் செய்தது?’ என்றுதான். கையில் அகப்படுபவர் பெரும்பாலும் கடைச் சிப்பந்தி. அவரைத் திட்டி முடித்ததும் குறை தீர்ந்ததாக எண்ணிவிடுகிறோம். அடுத்த மாதம் அதே குறை திரும்ப வருகிறது.

ஜப்பானில் டொயோட்டா மோட்டார் நிறுவனத்தின் உற்பத்தி முறையை வகுத்தவர்களில் முக்கியமானவர் தாயிச்சி ஓனோ. எந்தக் கோளாறு வந்தாலும் ‘ஏன்?’ என்று ஐந்து தடவை கேட்க வேண்டும் என்பது அவர் கற்பித்த பாடம். 1978-ல் வெளியான தமது நூலில் அவரே ஓர் உதாரணம் தருகிறார். இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போய்விட்டது. சுமை ஏன் கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருக்கிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போய்விட்டது. முதல் பதிலோடு நின்றிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள்.

மோட்டார் கம்பெனிக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு துவரம்பருப்பு மூட்டையை எடுத்துக்கொள்வோம். இறக்கியதும் எடை போட்டாயிற்று. சாக்கு நீக்கி 50 கிலோ சரியாக இருக்கிறது. ஒரு கிலோ பொட்டலமாகப் போட்டால் 49 தான் தேறுகிறது. ஒவ்வொரு மூட்டைக்கும் இதே கதை. முதலாளியின் சந்தேகம் பொட்டலம் போடுபவர் மேல் விழுகிறது. பல ஆண்டு நம்பிக்கையாக வேலை பார்த்த ஆளையே கணக்கு முடித்து அனுப்பும் கட்டம் இது.

அனுப்புவதற்கு முன் கேட்டுப் பார்ப்போம். ஏன் 49? போட்டு வைத்த பொட்டலங்களை மறுபடி நிறுத்தால், ஒவ்வொன்றிலும் 20 கிராம் கூடுதலாக இருக்கிறது. 49 பொட்டலத்துக்கு 980 கிராம் போய்விட்டது. ஐம்பதாவதுக்கு மிச்சம் 20 கிராம். ஏன் கூடுதல்? தராசில் எண் நிலையாக நிற்பதில்லை. குறைந்துவிடக் கூடாதே என்று அவர் ஒரு பிடி சேர்த்துப் போடுகிறார். (அந்தப் பயம் நியாயமானது. எடை குறைந்தால் சட்டப்படி குற்றம், கடைக்கும் கெட்ட பெயர்.) எண் ஏன் ஆடுகிறது? மின்விசிறிக் காற்று தட்டின் மேல் நேராக விழுகிறது. தராசு ஏன் அங்கே? பிளக் அந்தத் தூணில் மட்டும்தான் இருக்கிறது. எந்நேரமும் ஏன் பிளக்கில் இருக்க வேண்டும்? தராசின் பாட்டரி செத்து மாதக்கணக்காகிறது.

திருடன் யாரென்று தேடியவருக்குக் கிடைத்தது ஒரு பழைய பாட்டரி! உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பாட்டரியை மாற்றி, காற்றுப்படாத இடத்தில், நீர்க்குமிழி நடுவில் நிற்கும்படி தராசைச் சமமாக வைத்தால் வேலை முடிந்தது. மாதம் 10 மூட்டை போகும் கடையில் ஏறத்தாழ 10 கிலோ பருப்பு மிஞ்சும். கிலோ 150 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 18,000 ரூபாய். சர்க்கரை, ரவை, உளுந்துக் கணக்கு தனி.

இந்த முறையில் ஒரு கண்டிப்பு உண்டு. கல்லாவில் உட்கார்ந்தபடி பதிலை ஊகிக்கக் கூடாது. ஒவ்வொரு பதிலையும் எழுந்து போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். மேற்சொன்ன கடையில் பொட்டலத்தை மறுபடி நிறுக்காமல் இருந்திருந்தால் முதல் பதிலே ‘திருட்டு’ என்று ஆகியிருக்கும். ‘கவனக்குறைவு’ என்று பதில் வந்தால் அங்கேயும் நிற்க வேண்டாம். கவனம் ஏன் தவறியது என்று இன்னொரு தடவை கேளுங்கள். ‘ஜனங்கள் கையில் காசில்லை’, ‘அரசாங்கம் சரியில்லை’ என்ற இடத்துக்குப் போய்விட்டால் ஒரு படி திரும்பி வாருங்கள். நம் கை எட்டாத காரணத்தால் நமக்குப் பயனில்லை. ஐந்து என்ற எண்ணும் வேதவாக்கு அல்ல. மைதா மூட்டையில் வண்டு ஏன்? பழைய மூட்டை அடியில் கிடந்தது. ஏன்? புது மூட்டையை அதன் மேலேயே இறக்குகிறார்கள். ஏன்? கிட்டங்கியில் வேறு இடம் இல்லை. மூன்றிலேயே விடை வந்துவிட்டது.

குறை, அதற்குக் கிடைத்த பதில்கள், செய்த மாற்றம் ஆகியவற்றைத் தேதி போட்டுச் சிட்டையின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறகு ஐந்து மூட்டைக்குப் பொட்டலங்களை எண்ணுங்கள். இன்னும் 49 தான் வருகிறது என்றால், எழுதிய பதில்களில் ஏதோ ஒன்று பார்க்காமல் எழுதியது. அந்த வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்.