பவுடர் போட்டால் ஆறுமா டயப்பர் புண்?

இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் காலையில் டயப்பரைக் கழற்றும்போதே பத்து மாதக் குழந்தை வீறிட்டு அழுகிறது. பின்புறம் முழுக்கப் பழுத்த தக்காளிபோலச் சிவந்து பளபளக்கிறது. இரண்டு இடங்களில் மேல்தோல் உரிந்து நீர் கசிகிறது. வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே கால்களை உதறிக்கொண்டு துடிக்கிறது.

"பவுடரை நல்லாக் கொட்டும்மா, ஈரத்தை இழுத்துக்கும்" என்கிறார் பாட்டி. "இல்ல அத்தை, மெடிக்கல்ல ஒரு ட்யூப் குடுத்தாங்க, ஒரே நாள்ல காஞ்சிடுமாம்" என்கிறார் மருமகள். குழந்தையின் மேல் இருவருக்குமே உயிர். ஆனால் இருவர் கையில் இருப்பதும் இந்தப் புண்ணுக்கு ஆகாதவை.

டயப்பர் கட்டும் வயதில் இந்தப் புண்ணைச் சந்திக்காத வீடு குறைவு. ஒன்பது முதல் பன்னிரண்டு மாத வயதில்தான் இது அதிகம். பெரும்பாலும் சரியான கவனிப்பில் மூன்று நான்கு நாளில் ஆறிவிடும். ஆறாமல் முற்றிப்போவதற்குப் பல நேரம் காரணம், நல்லது என்று நினைத்து நாம் பூசுகிற பொருள்களே. வீடுகளில் அடிக்கடி கேட்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: மூத்திரத்தின் காரம் பட்டுத்தான் தோல் வெந்துபோகிறது.

உண்மை: மருத்துவர்களே நெடுங்காலம் இப்படித்தான் நம்பினார்கள். சிறுநீரிலிருந்து ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் அம்மோனியாவே காரணம் என்று 1921-இல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேல் அந்தக் கருத்து நிலைத்திருந்தது. 1977-இல் புண் உள்ள குழந்தைகள், இல்லாத குழந்தைகள் இரு தரப்பிலும் அம்மோனியாவை அளந்து பார்த்தார்கள். பெரிய வேறுபாடு இல்லை.

முழு விளக்கம் 1986-இல் வந்த ஆய்வுகளில் கிடைத்தது. மலத்தில் புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் மிச்சமிருக்கின்றன. சிறுநீரும் மலமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்போது சிறுநீரிலுள்ள யூரியா உடைந்து, அந்த இடத்தின் காரத்தன்மை ஏறுகிறது. லேசான அமிலத்தன்மையே ஆரோக்கியமான தோலின் இயல்பு. காரம் ஏறியதும் அந்த நொதிகளுக்கு வேகம் பிறக்கிறது. உணவைச் செரித்த அதே நொதி, ஈரத்தில் ஊறி மெலிந்து டயப்பர் உராய்வில் தேய்ந்திருக்கும் தோலை அரிக்கத் தொடங்குகிறது.

வயிற்றுப்போக்கின்போது இந்தப் புண் ஏன் இவ்வளவு கடுமையாகிறது என்பதற்கும் இதுவே பதில். உணவு குடலை வேகமாகக் கடந்துவிடுவதால் நொதிகள் சிதையாமல் வெளியே வருகின்றன. அதுவும் நாளுக்கு எட்டு, பத்து முறை. எனவே ஒன்றுக்குப் போன டயப்பரைவிட ஆய் போன டயப்பரைத்தான் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மாற்ற வேண்டும்.

நம்பிக்கை: உடம்புச் சூடு, பல் முளைப்பது, பால் கொடுக்கும் அம்மா மாம்பழம் சாப்பிட்டது, இவைதான் காரணம்.

உண்மை: பல் முளைக்கும் வயதும், திட உணவு தொடங்கும் வயதும், கண்டதை எடுத்து வாயில் வைக்கும் வயதும் ஒன்றுதான். உணவு மாறினால் மலமும் மாறும். வாயில் வைத்ததால் தொற்று வந்தால் வயிறு போகும். பழியைப் பல் சுமக்கிறது. இதற்காகத் தாய் பத்தியம் இருக்க வேண்டியதில்லை. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் காரத்தன்மை குறைவு. அவர்களுக்கு இந்தப் புண் வரும் வாய்ப்பும் குறைவு.

வயிற்றுப்போக்கு இருந்தால் அதற்கான மருத்துவம் உடனே தேவை. உப்புச் சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்ஸும், மருத்துவர் சொல்லும் அளவில் 10 முதல் 14 நாள் துத்தநாக மருந்தும் கொடுப்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வயிற்றுப்போக்கு நிற்காமல் புண் ஆறாது.

நம்பிக்கை: பவுடர் போட்டால் ஈரம் வற்றி, புண் காய்ந்துவிடும்.

உண்மை: ஈரத்தில் பவுடர் கட்டியாகும். அந்தக் கட்டிகள் தொடை மடிப்புகளில் தங்கி, குழந்தை காலை அசைக்கும்போதெல்லாம் மணல்போல உராயும். உரிந்த தோலில் அது இன்னொரு காயம். அதைவிடப் பெரிய ஆபத்து மூச்சில் இருக்கிறது. டப்பாவைத் தட்டும்போது எழும் மென்தூசி குழந்தையின் நுரையீரலுக்குள் போகக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பேபி பவுடரே வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். டால்க் பவுடரால் புற்றுநோய் வந்ததாகத் தொடரப்பட்ட வழக்குகளுக்கு நடுவே, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-இல் உலகம் முழுவதும் டால்க் பேபி பவுடரை நிறுத்திவிட்டுச் சோளமாவுப் பவுடருக்கு மாறியது. சோளமாவும் மூச்சில் ஏறும் தூசிதான்.

நம்பிக்கை: மஞ்சளோ, கிருமிநாசினியோ, சமையல் சோடாவோ போட்டால் கிருமி செத்துப் புண் ஆறிவிடும்.

உண்மை: தொடக்கத்தில் இது கிருமியால் வந்த புண்ணே அல்ல, நொதிகள் தோலை அரித்ததால் வந்த புண். கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீரில் கலந்து கழுவினால் எரிச்சல் கூடும், எஞ்சிய தோலும் வறண்டு வெடிக்கும். மஞ்சள் சிலருக்கு ஒவ்வாமை தரும். உரிந்த தோலில் அது வேண்டாம். தேங்காய் எண்ணெய் உரியாத தோலில் மெல்லிய பூச்சாக இருக்கலாம். ஆனால் நீர்போலப் போகும் மலத்தைத் தடுத்து நிறுத்தும் கனம் அதற்கு இல்லை.

ஒன்றை மட்டும் பெற்றோர் மறக்கக் கூடாது. டயப்பருக்குள் இருக்கும் உரிந்த தோல், பூசியதை உறிஞ்சிக்கொள்ளும். 1981-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கைக்குழந்தையின் கதை வெளியானது. டயப்பர் புண்ணுக்குத் தொடர்ந்து சமையல் சோடா போட்டதால் ரத்தத்தின் அமில-காரச் சமநிலையே குலைந்துபோயிருந்தது.

1972-இல் பிரான்ஸில் நடந்தது இன்னும் கொடுமை. ஒரு குழந்தைப் பவுடர் தயாரிப்பில், ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக 6 சதவீதத்துக்கும் மேல் கலந்துவிட்டது. 204 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 36 பேர் இறந்தார்கள். தோல் வழியாக உள்ளே போன நஞ்சு மூளையைத் தாக்கியிருந்தது. அது ஆலையில் நேர்ந்த தவறு. ஆனால் குழந்தையின் தோல் எவ்வளவு உறிஞ்சும் என்பதை மருத்துவ உலகம் அன்று கண்ணெதிரே கண்டது.

நம்பிக்கை: மெடிக்கல் ஷாப்பில் தரும் ட்யூப் ஒரே நாளில் குணமாக்குகிறது, அதுதான் நல்ல மருந்து.

உண்மை: ஒரே நாளில் சிவப்பு மறைந்தால் மகிழ்வதற்கு முன் ட்யூபின் அட்டையைப் படிக்க வேண்டும். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என்று மூன்றைக் கலந்த க்ரீம்கள் நம் ஊர்களில் தாராளமாகப் புழங்குகின்றன. சிவப்பை மறைப்பது ஸ்டீராய்டு. அது நோயை அடக்கிக் காட்டுகிறது. நிறுத்தியதும் புண் இன்னும் மூர்க்கமாகத் திரும்பும். மறுபடியும் அதே ட்யூபைத் தேடி ஓட வேண்டியதுதான்.

டயப்பரோ மூடாக்குப் போட்டதுபோல மேலே இறுகியிருக்கிறது. அதற்கடியில் பூசிய ஸ்டீராய்டு பல மடங்கு உள்ளே இறங்கும். தோல் மெலிந்து வரி விழும். வாரக்கணக்கில் போட்டால், உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன் அடங்கிப்போய், முகம் உப்பி, வளர்ச்சி தடைபட்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் பலமுறை எழுதியிருக்கின்றன. ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்கு 2018-இல் இந்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததற்கு இந்தத் தவறான பயன்பாடே காரணம். வீக்கம் மிகுந்த புண்ணுக்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற வீரியம் குறைந்த ஒன்றைச் சில நாள் மட்டும் மருத்துவர் எழுதுவதுண்டு. அந்த முடிவு அவருடையதாக இருக்க வேண்டும்.

நம்பிக்கை: ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு, பூசிய க்ரீமை முழுக்கத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

உண்மை: தேய்ப்புதான் இங்கே எதிரி. கடுமையான புண்ணுக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது ஜிங்க் ஆக்ஸைடு பசை அல்லது பெட்ரோலியம் ஜெல்லி. இரண்டும் தோலுக்கும் மலத்துக்கும் நடுவே சுவராக நிற்பவை. பூசும் விதத்தில்தான் பலன் இருக்கிறது.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து மெல்ல ஊற்றிக் கழுவ வேண்டும். காய்ந்து ஒட்டிய மலத்தை எண்ணெய் நனைத்த பஞ்சால் இளக்கி எடுக்கலாம். பிறகு பழைய வேட்டித் துணி போன்ற மெல்லிய பருத்தியால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைக்கக் கூடாது. ஐந்து பத்து நிமிடம் காற்றாட விட வேண்டும். ஹேர் டிரையர் வேண்டாம். சூடு பட்டால் தீக்காயம்தான். கடைசியில் கல்யாண வீட்டுச் சந்தனம்போலக் கெட்டியாக, அடியிலிருக்கும் சிவப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பசையை அப்ப வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது அழுக்கான மேற்படலத்தை மட்டும் எடுத்துவிட்டு, தோலோடு ஒட்டியிருக்கும் வெள்ளையை அப்படியே விட்டு, அதன்மேல் இன்னொரு பூச்சு. பட்டாணி அளவு எடுத்துத் தடவிவிட்டு "ஜிங்க் கேக்கலை" என்று சொல்கிற வீடுகள் நிறைய.

வாசனையும் ஆல்கஹாலும் இல்லாத ஈரத்துணிகள் நல்ல தோலுக்குப் பரவாயில்லை. புண் இருக்கும்வரை தண்ணீரே போதும். தாய்ப்பாலைப் பூசுவது பழைய பழக்கம். அதனால் பலன் இருப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் உரிந்து கசியும் புண்ணுக்கு ஜிங்க் பசையே வலுவான கவசம்.

நம்பிக்கை: டயப்பர்தான் விஷம். துணி கட்டினால் புண்ணே வராது.

உண்மை: துணி மட்டுமே இருந்த நாளிலும் இந்தப் புண் இருந்தது. எண்பதுகளில் டயப்பருக்குள் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கும் பாலிமர் துகள்கள் வந்தன. அவை தோலை உலர்வாக வைப்பதில் துணியைவிட மேல். ஆனால் அந்த உலர்வே நம்மை ஏமாற்றுகிறது. "இன்னும் கனக்கலையே" என்று ஆறு மணி நேரம் விடும்போது, உள்ளே கிடக்கும் மலம் தன் வேலையைச் செய்கிறது. பிறந்த குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், பெரிய குழந்தைக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும் பார்த்து மாற்ற வேண்டும். புண் இருந்தால் இரவிலும் எழுந்து ஒருமுறை மாற்ற வேண்டும். துணி கட்டினால் நனைந்த நொடியே மாற்ற வேண்டும், சோப்பு மிச்சமில்லாமல் அலச வேண்டும். இரண்டுமே இல்லாமல் பழைய புடவையின் மேல் குழந்தையைப் புரள விடுகிற அரை மணி நேரம், இரண்டையும்விட நல்லது.

நம்பிக்கை: சிவந்திருந்தால் எல்லாம் டயப்பர் புண்தான், நாள் போனால் ஆறிவிடும்.

உண்மை: மூன்று நாள் சரியாகக் கவனித்தும் குறையவில்லை என்றால் கேண்டிடா என்ற பூஞ்சை சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அடையாளம் கண்டுபிடிக்கக் கூடியதுதான். சாதாரணப் புண் டயப்பர் உரசும் மேடான இடங்களில் இருக்கும். தொடை மடிப்புகளின் ஆழம் தப்பியிருக்கும். பூஞ்சை நேரே மடிப்புக்குள் போய் அடர்சிவப்பாகப் பரவும்; பெரிய சிவப்புத் திட்டைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் சிதறியிருக்கும். ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தபின் இது அடிக்கடி வரும். குழந்தையின் வாய்க்குள் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கு க்ளோட்ரிமசோல், நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சை மருந்து தேவை. மருத்துவர் சொன்ன நாள் முடியும்வரை, சிவப்பு போனபின்னும் போட வேண்டும்.

வேறு நோய்களும் டயப்பர் புண்போலத் தோன்றும். ஆசனவாயைச் சுற்றிக் கோடு போட்டாற்போல் செக்கச்செவேலென்று சிவந்து, ஆய் போகும்போது குழந்தை அலறினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். பின்புறத்தோடு வாயைச் சுற்றியும் புண், முடி உதிர்வு, ஓயாத வயிற்றுப்போக்கு என்று சேர்ந்து வந்தால் உடலில் துத்தநாகக் குறைபாடு இருக்கக்கூடும். இவை எதுவும் பசை பூசி ஆறுபவை அல்ல.

காய்ச்சல், சீழ், கொப்புளம், ரத்தக் கசிவு, டயப்பர் எல்லையைத் தாண்டிப் பரவும் தடிப்பு, பால் குடிக்காமல் துவண்டுபோதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பிறந்து ஆறு வாரம் ஆகாத குழந்தை என்றால் மூன்று நாள் காத்திருக்கவே கூடாது.

இன்றே வீட்டு அலமாரியைத் திறந்து குழந்தைக்குப் பூசும் ட்யூபை எடுத்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால், குழந்தைக்கு மேற்கொண்டு பூசாமல் அந்த ட்யூபோடு மருத்துவரைப் பாருங்கள். எத்தனை நாளாகப் போட்டீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.