பி.டி. கத்தரி ஏன் இன்னும் நம் வயலுக்கு வரவில்லை?

கேள்வி: இரண்டு ஏக்கரில் கத்தரி போடுகிறோம். காய்ப் பருவத்தில் வாரம் இரண்டு தடவை மருந்து அடித்தும் பாதிக் காய் சொத்தை. பங்களாதேஷில் புழு விழாத பி.டி. கத்தரி விளைகிறதாம். இங்கே அந்தப் பேச்சை எடுத்தாலே சண்டை. விவசாயிகளும் அரசாங்கமும் இதை ஏற்றுக்கொள்ள என்னதான் வழி?
– ஒரு விவசாயி, ஒட்டன்சத்திரம் வட்டாரம்

பதில்: பி.டி. கத்தரி வர வேண்டும் என்பதே என் கட்சியும். பருவம் முழுக்க அந்த மருந்துப் புகையை மூச்சில் இழுப்பது நீங்கள்தான். ஆனால் இங்கே காரியம் கெட்டதற்கு எதிர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

பாதுகாப்புச் சோதனை விவரங்கள் எப்போது வெளியாயின தெரியுமா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, வழக்கு நடத்தி, உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 2008-ல். ஒளித்துவைத்த பொருளை யார் நம்புவார்? 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. பிறகு அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று தடை அறிவித்தார். அந்த ஏழில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 என்ற நம் ஊர் ரகங்களில் புழுவைத் தடுக்கும் பி.டி. மரபணுவைச் சேர்த்தது கோவை வேளாண் பல்கலைக்கழகம். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

அதே மரபணுவை பங்களாதேஷ் வேறு விதமாகக் கொண்டுபோனது. அரசு ஆராய்ச்சி நிறுவனமே உள்ளூர் ரகங்களில் சேர்த்தது. வீரிய ஒட்டு அல்ல என்பதால் விதையை எடுத்துவைத்து மறுபடி விதைக்கலாம். 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்தார்கள். முதல் பருவத்தில் சில வயல்களில் செடி வாடியது, பத்திரிகைகள் தோல்வி என்று எழுதின. அன்றைய வேளாண் அமைச்சர் மதியா சவுத்ரி பின்வாங்கவில்லை. 2018-க்குள் 27,000 பேருக்கு மேல் பயிரிட்டார்கள். சுமார் 1,200 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வில் மருந்துச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, மகசூலும் கூடியது. மேடைப் பேச்சு இதைச் செய்யாது. பக்கத்து வயலில் நல்ல காயைப் பார்த்தவர்தான் நாற்று கேட்டு வந்திருப்பார்.

ஆதரிப்பவர்கள் பருத்தியைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். 2002-ல் வந்த பி.டி. பருத்தி நன்றாகத்தான் பலன் தந்தது. சுற்றிலும் சாதாரணப் பருத்தி நட வேண்டும் என்று கூடவே கொடுத்த விதையைப் பலர் தூக்கிப்போட்டார்கள். அந்தச் செடிகளில் பிழைக்கும் பூச்சிகள், எதிர்ப்புச் சக்தி பெற்றவற்றோடு இணைந்தால் அந்தச் சக்தி பரவுவது தாமதமாகும். அது நடக்காமல் போனதால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இன்று பி.டி. செடியையே தின்கிறது. கத்தரியிலும் ஓரப் பாத்தியில் சாதாரணக் கத்தரி நட்டே ஆக வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வயல் சோதனைக்கு மாநில அரசின் தடையில்லாச் சான்று தேவை. ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் சங்கமாகச் சேர்ந்து மனு கொடுங்கள். பல்கலைக்கழக ரகம், விதை எடுத்துவைக்கும் உரிமை, சோதனை முடிவுகள் முழுவதும் தமிழில், பயிர் கெட்டால் இழப்பீடு என்று எழுதிக் கேளுங்கள். மரபணு மாற்றுப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை வகுக்கும்படி 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொல்லியிருக்கிறது. விவசாயி குரல் அதில் ஏற இதுவே சமயம்.

கேள்வி: புழுவைக் கொல்லும் காய் நம்மை மட்டும் விட்டுவிடுமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: நியாயமான பயம். பி.டி. என்பது மண்ணில் இயல்பாக வாழும் ஒரு பாக்டீரியா. அதன் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் வேலை செய்யும். அங்கே அது ஒட்டிக்கொள்ளும் இடம் நம் குடலில் இல்லை. நம் இரைப்பை அமிலத்தில் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும். இந்த பாக்டீரியாவையே இயற்கை விவசாயிகளும் தெளிக்கிறார்கள். ஆனாலும் காயைக் கூறுபோடும்போது இது பி.டி. கத்தரி என்று எழுதித்தான் வைக்க வேண்டும். வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

கேள்வி: யாரோ பி.டி. நாற்று தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு இளம் விவசாயி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம், தம்பி. சட்டவிரோதம். 2019-ல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் இப்படி முளைத்த செடிகளைப் பிடுங்கி அழித்தார்கள். என்ன மரபணு, யார் விதை என்று தெரியாத நாற்று ஏமாற்றினால் யாரிடம் போவீர்கள்? அதுவும் போக, பி.டி. கத்தரி தண்டு, காய்த் துளைப்பானைத்தான் தடுக்கும். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் அது மருந்தல்ல. இப்போதைக்கு ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். வாடித் தொங்கும் நுனித்தண்டை வாரந்தோறும் கிள்ளி எரித்துவிடுங்கள். சொத்தைக் காயை வரப்பில் வீசாதீர்கள், அதிலிருந்து வரும் அந்துப்பூச்சி மறுபடி உங்கள் செடிக்கே திரும்பும்.