தலையும் வாலும்



லினக்ஸ் நெட்வொர்க் டிரைவருக்காக நீ அனுப்பிய பேட்சை நேற்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் படிக்க உட்கார்ந்தேன். பாதியில் எழுந்து போய் ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படித்தேன். கோபம் வந்தால் எனக்கு மோர் வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

டைம்அவுட் கால்பேக்கில் தூங்கக் கூடாது, ரீசெட்டை வொர்க்க்யூவுக்குத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும், செய்தும் இருக்கிறாய். ஆனால் ஸ்டாப் ஃபங்ஷனில் ஆர்டிஎன்எல் லாக்கைக் கையில் வைத்துக்கொண்டே அந்த வொர்க் முடியட்டும் என்று காத்திருக்கிறாய். வொர்க்கோ அதே லாக்குக்காக வாசலில் நிற்கிறது. லாக்டெப்பைப் போட்டு இன்டர்ஃபேஸை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார், அதுவே கத்தும். அதற்கெல்லாம் நான் கடிதம் எழுத மாட்டேன்.

எழுத வைத்தது வேறு. வாட்ச்டாக் காலத்தை 5 நொடியிலிருந்து 20 நொடியாக்கி, ‘தேவையற்ற எச்சரிக்கைகளைத் தவிர்க்க’ என்று கமிட் மெசேஜில் எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரி. தேவையற்றது என்று யார் உனக்குச் சொன்னது? லிங்க் உயிரோடு இருக்க வேண்டும், க்யூ நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், கடைசியாக அதில் பாக்கெட் போட்டு 5 நொடி தாண்டியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கெர்னல் வாயைத் திறக்கும். ஜிகாபிட் லிங்க்கில் முழு அளவு ஃபிரேம்கள் 5 நொடியில் நாலு லட்சத்துக்கு மேல் போகும். நாலு லட்சம் போக வேண்டிய நேரத்தில் ஒன்றுகூடப் போகவில்லை என்று நாய் குரைக்கிறது, நீ அதற்கு வாய்ப்பூட்டு வாங்கி வருகிறாய்.

இதையாவது ஒரு வரியில் திருத்திவிடலாம். அடுத்ததுதான் என்னை மோருக்கு எழுப்பியது. உன் டைம்அவுட் ஃபங்ஷனில் இருப்பது ஒரே வேலை: வொர்க்கைக் கிளப்பிவிடுவது. அந்த வொர்க்கின் முதல் வேலை டிஎக்ஸ் ரிங், அதாவது அனுப்பும் வரிசை மொத்தத்தையும் பூஜ்யமாக்குவது. அதற்கப்புறம் சாவகாசமாக ‘டிஎக்ஸ் டைம்அவுட், ரீசெட் ஆகிறது’ என்று ஒரு பிரின்ட். பிணத்தை எரித்துவிட்டுப் போலீசுக்குத் தகவல் சொல்கிற மாதிரி இருக்கிறது.

இன்டெல்லின் இ1000 டிரைவரைத் திறந்து, ஹேங் கண்டுபிடிக்கிற இடத்தைப் பார். முதல் காரியமாக நாலு எண்களை எழுதி வைக்கும். சிப் எதுவரை வந்திருக்கிறது என்பது ஹெட், அதாவது தலை. ‘இதுவரை போட்டிருக்கிறேன், எடுத்துக்கொள்’ என்று டிரைவர் சிப்புக்குச் சொன்னது டெயில், வால். மற்ற இரண்டும் டிரைவரின் சொந்தக் கணக்கு: அடுத்து நிரப்பப்போகும் இடம், அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய இடம். தலையும் வாலும் ஒரே எண்ணில் நின்று, சுத்தம் செய்வது மட்டும் பின்தங்கி இருந்தால் சிப் தன் வேலையை முடித்துவிட்டது. இன்டரப்ட் தொலைந்திருக்கிறது, இல்லாவிட்டால் முடிந்ததைச் சுத்தம் செய்ய வேண்டிய உன் நாப்பி தூங்குகிறது. அந்தச் சிப்பைப் போய் ரீசெட் செய்கிறாய். டிரைவர் நிரப்பிய இடம் வாலைத் தாண்டிப் போயிருந்தால் டோர்பெல்லை அடிக்கவில்லை என்று அர்த்தம். இன்னொரு பாக்கெட் வருகிறது, சேர்த்து அடிக்கலாம் என்று ஒத்திப்போட்டிருப்பாய். அதற்குள் ரிங் நிரம்பி நீயே க்யூவை நிறுத்தியிருப்பாய். தலை வாலுக்குப் பின்னால் அசையாமல் நின்றால்தான் சிப்பைச் சந்தேகிக்கலாம். எல்லாமே எஃப்பாக வந்தால் கார்டே பஸ்ஸில் இல்லை, சந்தேகிக்க ஆளே கிடையாது.

இந்த நாலையும் கால்பேக்கிலேயே படி. கெர்னல் அந்த நிமிஷத்தில் டிஎக்ஸ் லாக்கைப் பிடித்து எல்லா டிஎக்ஸ் க்யூக்களையும் உறையவைத்திருக்கிறது. புதிதாக ஒரு பாக்கெட் உள்ளே நுழையாது. வொர்க் ஓட ஆரம்பிப்பதற்குள் என்னென்னவோ நடந்துவிடலாம். ரெஜிஸ்டரைப் படிக்கத் தூங்க வேண்டியதும் இல்லை. வொர்க்கின் தொடக்கத்தில் இன்னொரு தடவை படி, தலை நகர்ந்ததா என்று தெரிந்துவிடும். அப்புறம் எரி, யார் வேண்டாம் என்றது?

நான் இந்தப் பழக்கத்தைக் கற்றது ரியல்டெக் 8139-இல். அதில் டிஎக்ஸ் டிஸ்கிரிப்டர் மொத்தமே நாலு. டைம்அவுட் ஆனால் நாலின் நிலையையும் வரிசையாகக் காட்டி, எது க்யூவின் தலை என்றும் டிரைவர் குறித்துக் காட்டும். டொனால்ட் பெக்கர் வழி வந்த டிரைவர்களில் அந்த மரியாதை உண்டு. அப்போது பொது வாட்ச்டாக்கே கிடையாது. அனுப்பும் ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும் டிரைவர் தானே ‘பிஸி’ கொடியைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, மாட்டிக்கொண்டோமா என்று முடிவு கட்டும். 2001-இல் 2.4 கெர்னல் வந்தபோது அந்த வேலையைக் கெர்னலே எடுத்துக்கொண்டிருந்தது. வசதிதான். அதோடு டிரைவர் எழுதுகிறவர்களுக்குச் சோம்பலும் வந்தது.

எனக்கும் வந்தது. பெயர் வேண்டாம், ஒரு கம்பெனியில் இருந்தபோது நாங்கள் செய்த பெட்டி ஒரு தொழிற்சாலையில் ராத்திரி ராத்திரி டைம்அவுட் ஆனது. நான் உன்னைப் போலவே ரீசெட் போட்டேன். பெட்டி எழுந்து மறுபடி விழும். காலையில் தானாகச் சரியாகிவிடும். எட்டு மாதம் இப்படி ஓட்டினோம். கடைசியில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி ரீசெட்டுக்கு முன்னால் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரையும் அச்சிடும்படி மாற்றினாள். மறுநாள் பதிவில் ‘அனுப்புவது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்ற பிட் எழுந்து நின்றது. எதிர் முனையிலிருந்து பாஸ் ஃபிரேம் வந்துகொண்டிருந்திருக்கிறது. அலுவலகத்தில் யாரோ அணைக்காமல் போன ஒரு பிசி ஹேங் ஆகி, அதன் கார்டின் பஃபர் நிரம்பி, ‘நிறுத்து, நிறுத்து’ என்று சுவிட்சுக்குச் சொல்ல, சுவிட்ச் நிரம்பி எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. 100 மெகாபிட்டில் ஒரு பாஸ் ஃபிரேம் அதிகபட்சம் மூன்றில் ஒரு நொடி நிறுத்திவைக்கும். விடாமல் வந்தால் விடியும்வரை நிறுத்தலாம். எங்கள் சிப் சொன்ன பேச்சைக் கேட்டுச் சும்மா நின்றிருக்கிறது. அதைத்தான் எட்டு மாதம் ராத்திரிதோறும் மண்டையில் போட்டேன், க்யூவில் இருந்த பாக்கெட்டுகளையும் ஒவ்வொரு தடவையும் குப்பையில் கொட்டினேன். இ1000 டிரைவர் ஹேங் என்று சொல்வதற்கு முன் அந்த பிட்டைப் பார்த்துக்கொள்ளும் என்பதை அதற்கப்புறம்தான் கவனித்தேன். வெட்கமாக இருந்தது.

இவ்வளவு திட்டியபின் ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். ரிங்கைக் காலி செய்த கையோடு ஒவ்வொரு க்யூவின் பிகியூஎல் கணக்கையும், அதாவது சிப்பிடம் போன பைட்டுகளின் கணக்கையும் ரீசெட் செய்திருக்கிறாய் பார், அந்த வரியை மூன்று தடவை படித்தேன். தூக்கி எறிந்த பாக்கெட்டுகளின் பைட்டுகள் கணக்கில் நின்றுபோனால், போன பைட்டு திரும்பவே இல்லை என்று கெர்னல் க்யூவைப் பூட்டியே வைத்திருக்கும். ரீசெட் ஆன சிப் சும்மா உட்கார்ந்திருக்க, அடுத்த டைம்அவுட் வரும். 2012-இல் 3.3 கெர்னலில் பிகியூஎல் வந்த புதிதில் இதில் மாட்டி மூன்று வாரம் தொலைத்தவன் நான். நீ யாரும் சொல்லாமல் போட்டிருக்கிறாய். உன் வயதில் எனக்கு இந்தக் கண் கிடையாது. இந்தக் கண் இருக்கிறவன் அந்த 20-ஐ எப்படி எழுதினான் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சிஸ்எஃப்எஸ்ஸில் டிஎக்ஸ் க்யூ ஒவ்வொன்றுக்கும் டைம்அவுட் எண்ணிக்கை இருக்கிறது. உன் டெஸ்ட் பெட்டியில் ஒரு வாரம் அதைக் குறித்து வை, எந்த க்யூ என்பதையும் சேர்த்து. 20-ஐ 5 ஆக்கு. நாலு எண்களோடு பாஸ் பிட்டையும் கால்பேக்கில் அச்சிடு. அந்தப் பதிவை இணைத்து இரண்டாம் பதிப்பை அனுப்பு. ரிவ்யூட்-பை வரியில் என் பெயரை அதற்கப்புறம் போட்டுக்கொள்ளலாம்.