பூனையை வெளியே விடலாமா?

கேள்வி: எலிக்காகப் பூனை வளர்க்கிறோம். அதுவோ அணில், ஓணான், குருவி என்று கண்டதையும் கவ்விக்கொண்டு வருகிறது. கட்டுப்படுத்த வேண்டுமா?
– வாசகர், ராஜகுளம், உத்திரமேரூர் வட்டம்

பதில்: வேண்டும். நெல் மூட்டை அடுக்கிய வீட்டுக்குப் பூனை தேவைதான். ஆனால் வயிறு நிறைந்திருந்தாலும் அது வேட்டையை விடாது. அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாக 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு வளர்ப்பார் இல்லாத பூனைகளுடையது.

உங்கள் வயல்பக்கம் ஆள்காட்டிக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். அது கூடு கட்டாது. கோடையில் வெறுந்தரையில், சரளைக்கல் நடுவே, மண் நிறத்தில் நான்கு முட்டை இடும். பொரித்த குஞ்சு உடனே ஓடும். பறக்கச் சில வாரங்கள் ஆகும். கௌதாரி, காடைக்கும் தரைதான் வீடு. இவையெல்லாம் பூனைக்கு எளிதில் சிக்கிவிடும்.

பூனைக்கு மணி கட்டினால் போதுமா என்றால், இங்கிலாந்தில் 2021-இல் வெளியான ஆய்வில் அதனால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. இறைச்சி மிகுந்த தீனி போட்டபோது வீட்டுக்கு வந்த இரை 36 சதவீதமும், தினம் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 சதவீதமும் குறைந்தன.

ஆகவே சோற்றோடு மீனும் சேர்த்துப் போடுங்கள். பொழுது சாய்ந்ததும் எலி நடமாடும் நெல் அறையிலேயே அடைத்து, நன்றாக விடிந்த பிறகு திறந்துவிடுங்கள். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் அவசியம். வேண்டாத குட்டிகளை ஏரிக்கரையில் விடாதீர்கள். பக்கத்து வேடந்தாங்கலில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். நீங்கள் இரவில் ஒரு கதவைச் சாத்தினால் போதும்.