கைப்பிடி இல்லாத கோடரி

"டீச்சர், நீங்க கைக்கோடரியப் பாத்திருக்கீங்களா?"

ஒன்பதாம் வகுப்பில் வரலாற்றுக்கு முந்தைய காலம் பற்றிய பாடம். இராபர்ட் புரூஸ் ஃபுட் 1863ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவள் கடைசி வரிசை மாணவி. "பாத்திருக்கேனே" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

பதினாறு ஆண்டுகளாகச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். ஒரு கைக்கோடரியைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை.

அந்த வாரம் வெள்ளி அரசு விடுமுறை. பி.எட். படித்தபோது என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த தோழி இப்போது சென்னையில் ஆசிரியை. "மூணு நாள் லீவுதானே, கிளம்பி வாடி" என்றாள். இரவு ரயில் ஏறிவிட்டேன். விஷயத்தை அவளிடம் சொன்னதும், "எழும்பூர் மியூசியம் போனா ஆச்சு" என்றாள்.

போனோம். கதவு பூட்டியிருந்தது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிதோறும் விடுமுறை என்பது இருவருக்கும் தெரியவில்லை.

"கல்லு இல்லாட்டி என்ன, அது கிடைச்ச ஊரு இருக்கே" என்று தோழி மின்சார ரயிலில் கூட்டிப்போனாள். கிண்டி, பரங்கிமலை, மீனம்பாக்கம், திரிசூலம் தாண்டிப் பல்லாவரம். அன்று அங்கே பழைய பொருள்கள் விற்கும் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய மின்விசிறி, பூட்டு, கடிகாரம், செடிக்கன்று என்று சாலை நெடுக விரித்திருந்தார்கள். இரும்புச் சாமான் விற்ற பெரியவரிடம், "இந்த ஊர்லதான் ரொம்பப் பழைய கல் ஆயுதம் கிடைச்சதாமே ஐயா?" என்று கேட்டேன். "நம்மகிட்ட அப்படி எதுவும் வரலயேம்மா" என்றார். அவர் முன்னால் காம்பு இல்லாத கோடரித் தலைகள் கிடந்தன. சிரித்துக்கொண்டே திரும்பினோம்.

மறுநாள் சனிக்கிழமை மீண்டும் எழும்பூர். வரலாற்றுக்கு முந்தைய காலப் பிரிவில் கற்கருவிகள் இருந்த கண்ணாடிப் பேழை முன் நின்றேன். முதலில் பட்டது அதன் அளவு. கண்ணாடிமேல் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் கல். ஒரு முனை கூர்மை, மறுமுனை பிடிக்க வாகாகத் தடிமன். இரு பக்கமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்த தடங்கள். காம்பு செருகத் துளையும் இல்லை. கையே அதற்குக் காம்பு!

எனக்குச் சுருக்கென்றது. ஆண்டுதோறும் மாணவர்கள் விடைத்தாளில் மரக்காம்போடு கோடரி வரைவார்கள். நானும் மதிப்பெண் போட்டிருக்கிறேன். 'கோடரி' என்ற சொல் அவர்கள் வீட்டு விறகுக் கோடரியைத்தானே நினைவூட்டும்? அந்தத் தவறான கருத்து அவர்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் இருந்தது. நோட்டில் என் கையை வைத்து வரைந்து, அதற்குள் கல்லின் அளவைக் குறித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையும் தோழியின் சமையலும் பழைய விடுதிக் கதைகளுமாகப் போனது.

திங்கட்கிழமை வகுப்பில் முதலில் சொன்னது: "அன்னிக்கு நான் பாத்திருக்கேன்னு சொன்னது பொய். முந்தாநாள்தான் பாத்தேன்." வகுப்பு அமைதியானது. நோட்டைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தேன். பிறகு மூன்று செயல்பாடுகள் செய்தோம்.

1. கண்டறிதல்: பாடம் திறக்குமுன் கைக்கோடரியைக் கற்பனையில் வரையச் சொன்னேன். முப்பத்திரண்டு பேரில் இருபத்தேழு பேர் காம்பு வைத்திருந்தார்கள். தவறான கருத்து எங்கே இருக்கிறது என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்தது.

2. செய்து பார்த்தல்: துணி சோப்புத் துண்டை ஸ்பூன் விளிம்பால் இரு பக்கமும் மாறி மாறிச் செதுக்கினார்கள். ஒரு பக்கம் அதிகம் போனால் கூர்முனை உடைந்துவிடுகிறது. அன்றைய மனிதர் திட்டமிட்டே செதுக்கியிருக்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். உண்மைக் கல்லை உடைக்க விட வேண்டாம். சில்லு கண்ணில் தெறிக்கும்.

3. காலக்கோடு: 1 மில்லிமீட்டருக்கு 1,000 ஆண்டு என்று வைத்தோம். திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்துக் கற்கருவிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டு என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். அது தரையில் ஒன்றரை மீட்டர். சங்க காலம் இரண்டு மில்லிமீட்டர். ஃபுட் கல்லை எடுத்த நாளைப் பென்சில் முனையால்கூடத் தனியே குறிக்க முடியவில்லை.

வயல், கண்மாய்க் கரைகளில் பழம்பொருள் எதையாவது கண்டால் தோண்டாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். நாம் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

எல்லா ஆசிரியரும் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. ஆனால் விடுமுறைக்கு எந்த ஊர் போனாலும், நாம் நடத்தும் பாடத்தில் ஒன்று அங்கே இருக்கிறதா என்று புறப்படும் முன் புத்தகத்தை ஒருமுறை புரட்டலாம். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று வகுப்பில் சொல்லவும் செய்யலாம்.

அன்று மணி அடித்த பிறகு அந்த மாணவி மேசையருகே வந்தாள். "எங்களையும் ஒருநாள் கூட்டிட்டுப் போவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். இந்த முறை யோசிக்காமல் பதில் சொல்லவில்லை. தலைமையாசிரியரிடம் களப்பயணத்துக்கான விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அதில் தேதியை மட்டும் கவனமாக எழுதினேன்: வெள்ளிக்கிழமை வேண்டாம்.