போதையில் வீழ்ந்த மகன்: பெற்றோர் கடமை யாது?



மது ஹராம் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் வேலப்பன்சாவடியோ வேறெந்த ஊரோ, தோளுக்கு மேல் வளர்ந்த மகன் குடிக்கு அடிமையாகிவிட்டால், பெற்றோர் மானத்திற்கு அஞ்சி வாய் திறப்பதில்லை. அவர்களுக்காகவே இப்பாடம்.

முதலாவது, எல்லாப் பழியையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். நூஹ் (அலை) அவர்களின் மகன் கப்பலில் ஏற மறுத்து வெள்ளத்தில் மூழ்கினான். அது அந்த நபியின் வளர்ப்பில் வந்த குறை என்று நாம் சொல்வோமா? எடுத்துச் சொல்வது நம் கடமை. ஹிதாயத் அல்லாஹ்வின் கையில்.

இரண்டாவது, சபிக்காதீர்கள். குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரைக் கூட்டத்தில் ஒருவர் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்றார்கள். இது புகாரியில் வருகிறது. தண்டனையும் நீங்கவில்லை, ஆளும் ஒதுக்கப்படவில்லை.

மூன்றாவது, பாவத்திற்குத் துணைபோகாதீர்கள். இது மாயிதா அத்தியாயம் 2-ஆம் வசனத்தின் கட்டளை. கையில் காசு கொடுப்பதும், அவன் கடனை அடைப்பதும், முதலாளியிடம் 'காய்ச்சல்' என்று பொய் சொல்வதும் பாசமாகத் தோன்றும். உண்மையில் அவை போதைக்கே உதவும். சோறு போடுங்கள், பணம் கொடாதீர்கள். 'கல்யாணம் செய்தால் திருந்துவான்' என்று மறைத்துப் பெண் கேட்பது மோசடி. பிறர் மகளின் வாழ்வு நமக்கு மருந்தல்ல.

நான்காவது, வைத்தியம் செய்யுங்கள். போதைக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் நோய்களில் ஒன்றாகவே வகைப்படுத்தியுள்ளது. தினமும் மிகுதியாகக் குடிப்பவனை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் சித்தக் கலக்கமும் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். வேலப்பன்சாவடியிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே கிழக்கே சென்றால் கீழ்ப்பாக்கம். அங்கே அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் உள்ளது. அங்கு நோயாளிக்கு மட்டுமின்றிக் குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி வழி கேட்கலாம்.

சிகிச்சைக்குப் பின்னும் சிலர் மீண்டும் வழுக்கி விழுவர். அது இந்நோயில் உள்ளதே. மறுபடியும் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஐந்தாவது, உங்களையும் வீட்டாரையும் காத்துக்கொள்ளுங்கள். அவன் கை நீட்டினால் பொறுத்துப் போவது ஸப்ர் அல்ல. மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் உடனே பாதுகாப்பான இடத்திற்கு அனுப்புங்கள். உறவினரையோ ஜமாஅத்தாரையோ போலீசையோ துணைக்கு அழையுங்கள். நேரத்திற்கு உண்ணுங்கள், உறங்குங்கள். மற்றப் பிள்ளைகளை மறவாதீர்கள்.

அழுவது குற்றமல்ல. யஃகூப் (அலை) அவர்கள் மகனுக்காக அழுதே கண்ணொளி இழந்தார்கள். ஆயினும் நம்பிக்கை இழக்கவில்லை. யூசுபைத் தேடி வாருங்கள் என்று மற்ற மக்களை அனுப்பினார்கள். தஹஜ்ஜுதில் துஆவும், பகலில் முயற்சியும் நம்மிடம் இருக்கட்டும். வல்ல நாயன் நம் மக்களை மீட்டுத் தருவானாக! ஆமீன்.